ஆறு பேர் கையெழுத்து, ஒரு ஊர்க்கூட்டம்



இந்த மாதப் பாடத்துக்குக் கொஞ்சம் தூரமாகப் போகப் போகிறோம். இங்கிலாந்துக்கு! "அவங்க வெள்ளைக்காரங்க, வசதியானவங்க, அவங்க ஊர்ல என்ன குறை இருக்கப் போகுது"ன்னு நினைக்காதீங்க. அங்கேயும் கிராமம் இருக்கிறது. அங்கேயும் தெருவிளக்கு எரியாமல் போகும். பஸ் நிறுத்தத்தில் கூரை ஒழுகும். குப்பைத் தொட்டி நிரம்பி வழியும். ஊர் எல்லையில் புதிதாக வீடுகள் கட்ட யாராவது வந்தால் ஊரே இரண்டு பட்டு நிற்கும். இதையெல்லாம் உட்கார்ந்து பேச அங்கே ஒரு சின்ன சபை இருக்கிறது. அதன் பெயர் பாரிஷ் கவுன்சில்.

இங்கிலாந்து முழுவதும் ஏறக்குறைய 10,000 இடங்களில் இப்படிப்பட்ட கவுன்சில்கள் உள்ளன. கொஞ்சம் பெரிய ஊராக இருந்தால் டவுன் கவுன்சில் என்பார்கள். சில ஊர்களில் ஜனத்தொகை முந்நூறு நானூறுதான். நம்ம ஊரில் ஒரு தெருவிலேயே அவ்வளவு பேர் இருப்போம்!

பாரிஷ் என்றால் என்ன?

பாரிஷ் என்றால் ஒரு தேவாலயத்தைச் சேர்ந்த ஊர்ப்பகுதி. நம்ம குழுவில் உள்ள கிறிஸ்தவ சகோதரிகள் 'பங்கு' என்று சொல்வார்களே, அதேதான். பழைய காலத்தில் ஊர்க் காரியம் எல்லாம் தேவாலயத்தோடு சேர்ந்தே நடந்தது. பாதிரியாரும் பெரிய நிலக்காரரும் சொன்னதே சட்டம். கூலி வேலைக்குப் போகிறவர் வாய் திறக்க முடியாது.

1894இல் இது மாறியது. அந்த வருடம் வந்த சட்டம் தேவாலய நிர்வாகத்தையும் ஊர் நிர்வாகத்தையும் தனித்தனியாகப் பிரித்தது. ஊர் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் கவுன்சில் வந்தது. இன்றைக்குப் பெயரில் மட்டும்தான் பாரிஷ் இருக்கிறது. எந்த மதத்தைச் சேர்ந்தவரும், மதமே இல்லாதவரும் உறுப்பினராகலாம்.

அந்தச் சட்டத்தில் இன்னொரு விஷயம் இருந்தது. பெண் என்பதாலோ, திருமணம் ஆனவர் என்பதாலோ யாரையும் உறுப்பினராக நிற்கக் கூடாது என்று தடுக்க முடியாது. 1894இல்! அந்த நாட்டுப் பாராளுமன்றத் தேர்தலில் பெண்களுக்கு ஓட்டு கிடைத்ததே 1918இல்தான். அதுவும் முப்பது வயது ஆனவர்களுக்கு, சில நிபந்தனைகளோடு. ஆண்களுக்குச் சமமாக ஓட்டு வந்தது 1928இல். ஆக, நாட்டு விவகாரத்தில் ஓட்டுப் போட முடியாத பெண், தன் ஊர்க் கவுன்சிலில் உறுப்பினராக உட்கார முடிந்தது. நம்ம தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் வந்தது 1994இல். கணக்காக நூறு வருடம் தள்ளி! இடஒதுக்கீடு நமக்கு உண்டு, அவர்களுக்கு இன்றைக்கும் கிடையாது. அந்த வகையில் நாம் ஒரு படி மேலே என்றே சொல்லுவோம்.

கவுன்சிலுக்கு என்ன வேலை?

பெரிய வேலை எதுவும் அதன் கையில் இல்லை. பள்ளிக்கூடம், பெரிய சாலை, போலீஸ் எல்லாம் மேலே உள்ளவர்கள் பார்ப்பார்கள். பாரிஷ் கவுன்சிலுக்கு உள்ளது பஸ் நிழற்குடை, நடைபாதை விளக்கு, பிள்ளைகள் விளையாடும் இடம், பெஞ்சு, குப்பைத் தொட்டி, சுடுகாடு மாதிரி அவர்களுடைய கல்லறைத் தோட்டம், ஊர்ப் புல்வெளி, போரில் இறந்தவர்களின் நினைவுக் கல். யாராவது வீடு கட்ட அனுமதி கேட்டால் கவுன்சில் கருத்துச் சொல்லலாம். முடிவு எடுப்பது மேலே உள்ள கவுன்சில்தான்.

காய்கறித் தோட்டம் கூட உண்டு. சொந்த நிலம் இல்லாதவர்களுக்குக் கவுன்சில் துண்டு துண்டாக நிலத்தைப் பிரித்து, வருட வாடகைக்குக் கொடுக்கும். பழைய கணக்குப்படி ஒரு துண்டு ஏறக்குறைய 250 சதுர மீட்டர், அதாவது ஆறு சென்ட்டுக்குக் கொஞ்சம் அதிகம். உருளைக்கிழங்கு, கோஸ், வெங்காயம், பீன்ஸ் போட்டுக்கொள்வார்கள். ஊரில் நிலம் இல்லை என்றால் ஆறு வாக்காளர்கள் சேர்ந்து எழுதிக் கொடுத்தால் போதும், கவுன்சில் அதை எடுத்துப் பேசியே ஆக வேண்டும். 1908ஆம் வருடச் சட்டம் இது. இந்த 'ஆறு பேர்' கணக்கை நினைவில் வையுங்கள், திரும்ப வரும்.

பணம் எங்கிருந்து வருகிறது? ஒவ்வொரு வீடும் வீட்டு வரி மாதிரி ஒரு வரி கட்டுகிறது. அந்த ரசீதிலேயே பாரிஷ் கவுன்சிலின் பங்கு தனி வரியில் அச்சாகியிருக்கும். "இந்த வருடம் நம்ம ஊருக்கு இவ்வளவு வேண்டும்" என்று கவுன்சில் தீர்மானம் போட்டு மேலே அனுப்பும். அவர்கள் வசூல் செய்து கொடுப்பார்கள். தன் வீட்டிலிருந்து எத்தனை பவுண்டு போனது என்று ஒவ்வொருவருக்கும் தெரிகிறது. (பவுண்டு அந்த நாட்டுக் காசு. நம்ம பவுன் இல்லீங்க!) பெரும்பாலான உறுப்பினர்கள் சம்பளம் எதுவும் வாங்குவதில்லை. சம்பளத்துக்கு இருப்பவர் கிளார்க் ஒருவர்தான். நோட்டீஸ் ஒட்டுவது, தீர்மானம் எழுதுவது, கணக்கு வைப்பது எல்லாம் அவர் பொறுப்பு. நம்ம குழுவில் ஊக்குநரும் கணக்காளரும் செய்வதை அங்கே ஒருவரே செய்கிறார்.

மூன்று நாள் முன்னால் ஒரு காகிதம்

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறோம். இதை மெதுவாக வாசியுங்கள். குழுவில் வாசிக்கத் தெரியாத உறுப்பினர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

கவுன்சில் கூட்டம் நடப்பதற்கு மூன்று முழு நாள் முன்பாக, ஊரில் எல்லோர் கண்ணிலும் படுகிற இடத்தில் நோட்டீஸ் ஒட்ட வேண்டும். ஒட்டின நாளும் கணக்கில் சேராது, கூட்ட நாளும் சேராது. என்னென்ன பேசப் போகிறோம் என்ற நிகழ்ச்சி நிரலையும் வெளியிட வேண்டும். அதில் எழுதாத விஷயத்தைக் கூட்டத்தில் எடுத்து முடிவு செய்தால் அது செல்லாது. "இதர விஷயங்கள்" என்று கடைசியில் ஒரு வரி போட்டுவிட்டு, அதற்குள்ளே பெரிய செலவை நுழைக்கிற வித்தை நமக்குத் தெரியாததா? அங்கே அதற்கு இடம் இல்லை. ஊர்ப் பணத்தில் ஒரு புது பெஞ்சு வாங்குவதாக இருந்தாலும், "பெஞ்சு வாங்குவது" என்று முன்கூட்டியே எழுதிப் போட வேண்டும்.

கூட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு உறுப்பினர்கள் இருக்க வேண்டும். எவ்வளவு சின்னக் கவுன்சிலானாலும் மூன்று பேருக்குக் குறையக் கூடாது. பேசப்படும் விஷயத்தில் ஒரு உறுப்பினருக்குச் சொந்தப் பண லாபம் இருந்தால், அதை முதலிலேயே சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்ள வேண்டும். தன் நிலத்துக்குப் பக்கத்தில் பாதை போடுவதைப் பற்றித் தானே கை தூக்க முடியாது. 2011 சட்டப்படி, மறைத்துவிட்டுப் பேசினாலோ ஓட்டுப் போட்டாலோ குற்ற வழக்கு வரை போகலாம்.

ஊர் மக்கள் யார் வேண்டுமானாலும் போய் உட்கார்ந்து கேட்கலாம். தனி மனிதர் சம்பந்தப்பட்டது போல ரகசியம் காக்க வேண்டிய விஷயம் வந்தால் மட்டும், தீர்மானம் போட்டு வெளியே இருக்கச் சொல்லலாம். இந்த உரிமையைத் தந்தது 1960இல் வந்த சட்டம். அதைக் கொண்டுவந்தவர் யார் தெரியுமா? அப்போது பாராளுமன்றத்துக்குப் புதிதாகப் போயிருந்த ஒரு பெண் உறுப்பினர். அந்த மசோதாவைத்தான் தன் முதல் பேச்சாக அங்கே பேசினார். பெயர் மார்கரெட் தாட்சர். பின்னாளில், 1979இல், அந்த நாட்டின் முதல் பெண் பிரதமர் ஆனவர். அவருடைய மற்றக் கொள்கைகளைப் பற்றி ஆயிரம் சண்டை உண்டு, அதற்குள் நாம் போக வேண்டாம். கதவைத் திறந்து வைத்ததற்கு மட்டும் ஒரு நன்றி சொல்லிவிடுவோம்.

ஒன்று கவனியுங்கள். போய்க் கேட்கத்தான் சட்டம் உரிமை தருகிறது. பேசுவதற்கு நேரம் தருவது அந்தந்தக் கவுன்சில் வைத்துக்கொண்ட விதிப்படி. பல ஊர்களில் தொடக்கத்தில் கால் மணி நேரம் போல ஒதுக்குகிறார்கள். "எங்க வீட்டு முன்னால விளக்கு மூணு வாரமா எரியலை" என்பது மாதிரிப் பேச்செல்லாம் அப்போதுதான்.

கணக்கு நோட்டைக் காட்டு

அவர்களுக்கும் நம்ம மாதிரியே கணக்கு வருடம் ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடிகிறது. முடிந்த பிறகு 30 வேலை நாட்கள் கணக்குப் புத்தகம், ரசீது, பில் எல்லாம் பார்வைக்குத் திறந்திருக்க வேண்டும். ஜூலை மாதத்தின் முதல் பத்து வேலை நாட்கள் அதற்குள் கட்டாயம் வர வேண்டும். எந்தெந்தத் தேதி என்று நோட்டீஸ் போட வேண்டும். அந்த ஊர் வாக்காளர் போய் "இந்தப் பில் எதுக்கு?" என்று பார்க்கலாம், பிரதி கேட்கலாம். திருப்தி இல்லை என்றால் தணிக்கையாளருக்கே ஆட்சேபம் எழுதலாம். புல் வெட்டினதற்கு எவ்வளவு, பெயிண்டுக்கு எவ்வளவு என்று சில்லறைக் கணக்கு வரை!

2014 வரை இன்னொரு விதியும் சட்டத்தில் இருந்தது. ஒவ்வொரு காசோலையிலும் இரண்டு உறுப்பினர்கள் கையெழுத்துப் போட வேண்டும். நமக்கு இது புதுசா என்ன? குழு தொடங்கின நாளிலிருந்து இரண்டு பேர் சேர்ந்து போட்டுத்தானே வங்கியில் பணம் எடுக்கிறோம். கம்ப்யூட்டர் மூலம் பணம் கட்டும் காலம் வந்ததும் அங்கே அந்த விதியை எடுத்துவிட்டார்கள். அதற்குப் பதில் என்ன பாதுகாப்பு என்பதைக் கவுன்சிலே ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும்.

கவுன்சில் கூட்டம் வேறு, ஊர்க்கூட்டம் வேறு

கவுன்சில் கூட்டத்தில் உறுப்பினர்கள்தான் ஓட்டுப் போடுவார்கள். ஆனால் வருடத்துக்கு ஒருமுறை, மார்ச் 1 முதல் ஜூன் 1க்குள், பாரிஷ் கூட்டம் என்று ஒன்று நடக்க வேண்டும். அது ஊர் வாக்காளர் எல்லோருடைய கூட்டம். நம்ம கிராம சபை மாதிரி. வந்தவர் எல்லாம் பேசலாம், கை தூக்கி ஓட்டுப் போடலாம்.

அதை மாலை ஆறு மணிக்கு முன்னால் தொடங்கக் கூடாது. இது 1894 சட்டத்திலேயே உள்ளது, இன்றைக்கும் நிற்கிறது. காட்டு வேலை முடித்துவிட்டு வருகிறவர் கலந்துகொள்ள வேண்டுமே! காலை பதினோரு மணிக்குக் கூட்டம் வைத்துவிட்டு "யாரும் வரலை" என்று கையை விரிக்க முடியாது. வேலைக்குப் போயிருக்கிற நேரத்தில் வைத்த கூட்டத்தால் எத்தனை முறை நாம் ஏமாந்திருக்கிறோம்!

அதோடு, மது விற்கும் இடத்தில் இந்தக் கூட்டத்தை வைக்கக் கூடாது. ஊரில் வேறு தோதான இடம் இல்லவே இல்லை என்றால் மட்டும் விதிவிலக்கு. இதையும் 1894இலேயே யோசித்திருக்கிறார்கள்.

இனி அந்த ஆறு பேர். வருடாந்திரக் கூட்டத்தைத் தவிர இடையில் ஊர்க்கூட்டம் வேண்டும் என்றால், கவுன்சில் தலைவர் கூட்டலாம், இரண்டு உறுப்பினர்கள் சேர்ந்தும் கூட்டலாம். அவர்கள் யாரும் அசையவில்லையா? ஊரில் உள்ள வாக்காளர்கள் ஆறு பேர் போதும். இடம், நேரம், எதைப் பற்றி என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, ஏழு முழு நாள் முன்பாகப் பொது இடத்தில் ஒட்டிவிட்டால் கூட்டம் கூடிவிடும். தலைவரிடம் அனுமதி கேட்க வேண்டாம். விளையாட்டு மைதானத்தை விற்கப் போகிறார்கள் என்று ஒரு பேச்சு கிளம்பினால், அடுப்படியில் உட்கார்ந்து புலம்ப வேண்டியதில்லை. ஐந்து பேரைத் தேடிப் பிடித்தால் ஆயிற்று.

உள்ளதைச் சொல்ல வேண்டும். ஊர்க்கூட்டத்துத் தீர்மானத்தைக் கவுன்சில் நிறைவேற்றியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் பொதுவாக இல்லை. அந்த வகையில் அது பலவீனம்தான். ஆனாலும் நூறு பேர் கை தூக்கினதைப் பார்த்துவிட்டு, மறுநாள் அதே தெருவில் நடந்துபோக வேண்டியவர்கள்தானே உறுப்பினர்கள்!

ஊர்க்கடை, ஊர் பப், ஒரு பவுண்டு கூண்டு

பப் என்றால் மது விற்கும் கடை. நாம் கள்ளச்சாராயத்தையும் மதுக்கடையையும் எதிர்த்து நின்றவர்கள், எழுதவே கை கூசுகிறது. ஆனால் அந்த ஊர்களில் பப் என்பது சாப்பிடும் இடம், குடும்பத்தோடு போய்ப் பேசும் இடம். யார்க்‌ஷயர் பக்கம் ஹட்ஸ்வெல் என்ற சின்ன ஊரில் இருந்த ஒரே பப் 2008இல் மூடப்பட்டது. ஊர்க்காரர்கள் பங்கு பணம் போட்டு, சங்கமாகச் சேர்ந்து அதை விலைக்கு வாங்கி 2010இல் திறந்தார்கள். உள்ளேயே ஒரு சின்ன மளிகைக் கடை, நூலகம், பக்கத்தில் காய்கறித் தோட்டங்கள். 2016ஆம் வருடத்துக்கு நாட்டிலேயே சிறந்த பப் என்ற பரிசையும் வாங்கியது. இப்படி மூடப்போகும் மளிகைக் கடையைப் பங்குத் தொகை போட்டு வாங்கி, முறை வைத்துச் சம்பளமில்லாமல் நடத்துகிற ஊர்கள் நிறைய உண்டு. அதிகப் பங்கு போட்டவருக்கும் குறைந்த பங்கு போட்டவருக்கும் ஓட்டு ஒன்றே.

சோமர்செட் பகுதியில் வெஸ்ட்பரி-சப்-மென்டிப் என்று வாயில் நுழையாத பெயரில் ஒரு ஊர். அங்கே வந்துகொண்டிருந்த நடமாடும் நூலக வண்டி நின்றுபோனது. செல்போன் வந்ததால் ஊர்ச் சிவப்பு டெலிபோன் கூண்டையும் எடுத்துவிடப் போவதாகச் சொன்னார்கள். ஊர்ப் பெண் ஒருவர் ஒரு யோசனை சொன்னார். 2009இல் பாரிஷ் கவுன்சில் அந்தக் கூண்டை ஒரே ஒரு பவுண்டுக்கு வாங்கியது. பலகை அடித்துப் புத்தகம் அடுக்கினார்கள். படித்த புத்தகத்தைக் கொண்டுவந்து வை, படிக்காததை எடுத்துப் போ. பூட்டு கிடையாது, நோட்டு கிடையாது. இரண்டு நஷ்டத்துக்கு நடுவில் ஒரு நூலகம்.

கூட்டமைப்பு அங்கேயும் உண்டு

ஊர் வாழ்க்கை கவுன்சிலோடு முடிந்துவிடாது. கோடையில் புல்வெளியில் சந்தை மாதிரி ஒரு திருவிழா, கேக் விற்பனை, அறுவடை நன்றி வழிபாடு, நவம்பரில் போரில் இறந்தவர்களுக்குச் சிவப்புப் பூ குத்திக்கொண்டு அஞ்சலி. இதற்கெல்லாம் நாற்காலி தூக்குவதும் தேநீர் போடுவதும் பெரும்பாலும் யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

அந்தப் பெண்களுக்கு ஒரு சங்கம் உண்டு. விமன்ஸ் இன்ஸ்டிடியூட், நம்ம மொழியில் மாதர் சங்கம். முதலில் 1897இல் கனடாவில் தொடங்கியது. பிரிட்டனில் முதல் சங்கம் 1915இல் வேல்ஸ் பகுதியில் ஒரு கிராமத்தில் உருவானது, போர் நடந்துகொண்டிருந்த நேரம். கிராமத்தில் சங்கம், அதற்கு மேல் மாவட்டம் போன்ற பகுதிக்கு ஒரு கூட்டமைப்பு, அதற்கும் மேல் தேசியக் கூட்டமைப்பு. படித்ததும் நமக்கே ஆச்சரியம்! கிராமத்துச் சங்கம் ஒரு தீர்மானத்தைக் கொடுத்தால், அது படிப்படியாக மேலே போய், தேசியக் கூட்டத்தில் ஓட்டுக்கு வரும். வேலைக்குச் சம ஊதியம் வேண்டும் என்று 1943இலேயே தீர்மானம் போட்டார்கள். 1954இல் நாட்டைக் குப்பையில்லாமல் வைக்க வேண்டும் என்று போட்ட தீர்மானத்திலிருந்து ஒரு தேசிய இயக்கமே பிறந்தது. ஜாம் காய்ச்சுகிறவர்கள் என்று கேலி பேசினவர்கள் உண்டு. ஜாமும் காய்ச்சினார்கள், தீர்மானமும் போட்டார்கள்.

கூச்சல் போட்ட கூட்டம்

எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். செஷயர் பகுதியில் ஹேண்ட்ஃபோர்த் என்ற ஊரின் பாரிஷ் கவுன்சில் 2020 டிசம்பரில், கொரோனா காலத்தில், கம்ப்யூட்டர் வழியாகக் கூடியது. கூட்டம் முறைப்படி கூட்டப்பட்டதா என்பதிலேயே சண்டை. தலைவர் ஒப்புக்கொள்ளவில்லை. கூட்டத்தை நடத்த உதவிக்கு வந்திருந்த ஜாக்கி வீவர் என்ற பெண் அதிகாரியைப் பார்த்து, உனக்கு இங்கே அதிகாரம் இல்லை என்றார்கள். ஒருவர், விதிகளைப் படி, புரிந்துகொள் என்று கத்தினார். அந்த அம்மா குரல் உயர்த்தவில்லை. கத்தினவர்களைப் பொத்தானை அமுக்கி வெளியே அனுப்பிவிட்டார். 2021 பிப்ரவரியில் அந்தப் படம் உலகம் முழுக்கப் பரவியது. அவர் பெரிய புகழ் பெற்றார்.

பிறகு நடந்த விசாரணையில், தலைவரை வெளியேற்ற அவருக்கு முறைப்படி அதிகாரம் இல்லை, ஆனால் நிலைமை அசாதாரணமாக இருந்தது என்று சொன்னார்கள். அவர் நிதானத்தை நாம் மெச்சுகிறோம். ஆனாலும் நியாயம் நம் பக்கம் இருக்கும்போது விதியும் நம் பக்கம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது என்றே எங்களுக்குத் தோன்றுகிறது.

காலி நாற்காலி

அங்கே பெரிய குறை சண்டை அல்ல, ஆள் இல்லாததுதான். நான்கு வருடத்துக்கு ஒருமுறை மே மாதம் தேர்தல் வருகிறது. பல ஊர்களில் இடத்துக்கு வேண்டிய ஆளே நிற்பதில்லை. ஒன்பது இடத்துக்கு ஏழு பேர் நின்றால் ஓட்டுப்பதிவு இல்லாமலே ஏழு பேரும் உறுப்பினர். மிச்ச இரண்டு இடத்துக்கு அந்த ஏழு பேரே தங்களுக்குத் தெரிந்தவரைச் சேர்த்துக்கொள்ளலாம். இப்படியே போனால் தெரிந்தவர், தெரிந்தவருக்குத் தெரிந்தவர் என்று ஒரே வட்டமாகிவிடும்.

ஆறு மாதம் ஒரு கூட்டத்துக்கும் வராத உறுப்பினர், அதற்குக் கவுன்சில் ஒத்துக்கொண்ட காரணம் இல்லாவிட்டால், பதவி இழப்பார். அப்படியோ, ராஜினாமாவாலோ, மரணத்தாலோ இடையில் ஒரு இடம் காலியானால் கிளார்க் அதையும் நோட்டீஸ் பலகையில் ஒட்ட வேண்டும். விடுமுறை நாட்கள் நீங்கலாக 14 நாட்களுக்குள் பத்து வாக்காளர்கள் எழுதிக் கேட்டால், தேர்தல் வைத்தே ஆக வேண்டும். யாரும் கேட்கவில்லை என்றால் கவுன்சிலே ஒருவரைச் சேர்த்துக்கொள்ளும்.

கடைக்குப் போகிற வழியில்தான் அந்தப் பலகை இருக்கும். மழையில் நனைந்த காகிதம், சின்ன எழுத்து. நின்று வாசிக்க ஒரு நிமிடம் ஆகும்.